தலைமையும் நிர்வாகமும் ஒரே ஆளிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னதோ பெரியதோ ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு வந்ததும் எழும் கேள்விகள் இவை. புதிதாக டீம் லீடர் ஆனவர்கள், பல வருடம் மேனேஜராக இருந்தவர்கள், சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் எல்லோருமே இவற்றைக் கேட்கிறார்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தேவையான கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

தலைமை வேறு, நிர்வாகம் வேறு என்கிறார்களே, உண்மையா?

வேலையாகப் பார்த்தால் வேறுதான். ஆளாகப் பார்த்தால் வேறில்லை.

எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று முடிவு செய்து, அதை மற்றவர்கள் நம்பும்படி சொல்லி, தயங்குகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போவது தலைமை. யார் எதைச் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்று பிரித்து, அது நடக்கிறதா என்று பார்த்து, நடக்காத இடத்தில் கைவைத்துச் சரிசெய்வது நிர்வாகம். 1977-ல் ஹார்வர்டு பேராசிரியர் ஆபிரகாம் சலேஸ்னிக், தலைவர்களும் மேலாளர்களும் மனஅமைப்பிலேயே வெவ்வேறு வகை மனிதர்கள் என்று வாதிட்டார். 1990-ல் அதே ஹார்வர்டின் ஜான் காட்டர் அந்த வாதத்தை வேறு பக்கம் திருப்பினார்: நிர்வாகம் சிக்கலைச் சமாளிக்கிறது, தலைமை மாற்றத்தைச் சமாளிக்கிறது, ஒரு நிறுவனத்துக்கு இரண்டும் வேண்டும்.

நான் காட்டர் பக்கம். ஏனென்றால் முதல் வாதத்தை ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் ஒரு வசதியான சாக்கு கிடைத்துவிடுகிறது. "நான் தொலைநோக்கு உள்ள ஆள், சின்னச் சின்ன விவரமெல்லாம் எனக்கு வராது" என்று ஒருவர் ஒதுங்கலாம், "நான் சொன்னதைச் செய்கிற ஆள், திசையெல்லாம் மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று இன்னொருவர் ஒதுங்கலாம். இருவருக்கும் கீழே வேலை செய்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் தலைமை வேலை, மதியம் முழுக்க நிர்வாக வேலை என்று ஒரே ஆள் ஒரே நாளில் மாறி மாறிச் செய்வதுதான் நடைமுறை.

என்னிடம் எது குறைகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆன்லைனில் கிடைக்கும் ஆளுமைச் சோதனைகளை விட்டுவிடுங்கள். உங்கள் குழுவில் மூன்று பேரிடம் தனித்தனியாக, "இந்த மூன்று மாதத்தில் நமக்கு மிக முக்கியமான வேலை எது, அது ஏன் முக்கியம்?" என்று கேளுங்கள். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னால், அல்லது வேலையைச் சரியாகச் சொல்லிவிட்டு 'ஏன்' என்ற இடத்தில் திணறினால், தலைமைப் பக்கம் ஓட்டை இருக்கிறது. நீங்கள் பலமுறை சொல்லியிருப்பதாக நினைப்பீர்கள், ஆனால் அவர்கள் காதில் விழுந்தது வேறாக இருக்கும்.

அடுத்து, போன மூன்று மாதத்தில் நீங்கள் எடுத்த முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் பெயர், தேதி, ஒதுக்கிய பணம் அல்லது ஆள், இப்போதைய நிலை ஆகியவற்றை எதையும் தேடிப் பார்க்காமல் உங்களால் நிரப்ப முடிகிறதா? பாதி கட்டங்கள் காலியாக இருந்தால் நிர்வாகப் பக்கம் ஓட்டை.

பெரும்பாலானவர்கள் தங்கள் குறையைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. "என் ஆட்களுக்கு ஊக்கமே இல்லை, நான் இன்னும் உற்சாகமாகப் பேச வேண்டும்" என்று வருகிறவரின் அலுவலகத்தைப் பார்த்தால், போன மாதம் அறிவித்த திட்டம் ஆரம்ப சூரத்தனத்தோடு நின்றுபோயிருக்கும். அடுத்த பேச்சைக் கேட்டுவிட்டு ஆட்கள் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். அங்கே குறைவது நிர்வாகம். மறுபக்கம், "யாரும் டெட்லைனை மதிப்பதில்லை, இன்னும் கட்டுப்பாடு வேண்டும்" என்று புகார் சொல்கிறவர், அந்தத் தேதி எதற்காக என்று ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மேனேஜர் என்ற பதவியே தேவையில்லை, நல்ல ஆட்களாக எடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்களே?

கூகுள் இதைச் செய்தே பார்த்தது. 2002-ல் பொறியாளர்களுக்கு மேல் மேலாளர்களே இல்லாத அமைப்பை முயன்றார்கள். சில மாதம்தான் தாக்குப்பிடித்தது. செலவுக் கணக்கு அப்ரூவலுக்கும், இரண்டு பேருக்கு நடுவே உள்ள மனக்கசப்புக்கும் ஆட்கள் நேராக லேரி பேஜிடம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். நிர்வாக வேலையைச் செய்ய ஆள் இல்லை என்பதால் அந்த வேலை மறைந்துவிடவில்லை, நேராக நிறுவனர் தலையில் வந்து விழுந்தது.

2008 வாக்கில் அதே நிறுவனம் ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன் என்ற ஆய்வைத் தொடங்கியது, மேலாளர்களால் உண்மையிலேயே பயன் உண்டா என்று தங்கள் சொந்தத் தரவை வைத்தே பார்க்க. நல்ல மேலாளர்களின் குழுவில் ஆட்கள் விலகுவது குறைவு, திருப்தி அதிகம் என்று வந்தது. நல்ல மேலாளர்களிடம் இருந்த எட்டுப் பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். முதலிடம், நல்ல பயிற்சியாளராக இருப்பது. கடைசி இடம், குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்குத் தொழில்நுட்ப அறிவு. நடுவில் தெளிவான தொலைநோக்கும் இருக்கிறது, விளைவில் கவனமும் இருக்கிறது, ஆட்களைத் தொட்டதற்கெல்லாம் மேய்க்காமல் இருப்பதும் இருக்கிறது. தலைமை எது, நிர்வாகம் எது என்று அந்தப் பட்டியலைக் கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள், முடியாது.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர்டு கார் நிறுவனத்தில் ஆலன் முலாலி செய்தது. 2006-ல் போயிங் நிறுவனத்திலிருந்து ஃபோர்டுக்குத் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். அந்த ஆண்டில் மட்டும் ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது.

வந்ததும் வாரம் ஒரு கூட்டம் வைத்தார், வியாழக்கிழமைதோறும். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் வர வேண்டும், தங்கள் வேலை ஒவ்வொன்றையும் நிறத்தால் காட்ட வேண்டும். திட்டப்படி போகிறது என்றால் பச்சை, சிக்கல் வரலாம் என்றால் மஞ்சள், சிக்கலில் மாட்டிக்கொண்டது என்றால் சிவப்பு. முதல் சில கூட்டங்களில் வந்த தாளெல்லாம் பச்சை. நிறுவனம் பல நூறு கோடி டாலர் இழந்துகொண்டிருக்கிறது, ஆனால் காகிதத்தில் எல்லாமே பச்சை. இவ்வளவு நஷ்டம் வரப்போகிற நிறுவனத்தில் சரியில்லாதது ஒன்றுமே இல்லையா என்று முலாலி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நிறுவனத்தில் அதுவரை சிக்கலை ஒப்புக்கொள்வது பலவீனம் என்றுதான் பழகியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு வாரம், அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், புதிதாக வரவிருந்த எட்ஜ் என்ற காரின் அறிமுகத்துக்குப் பக்கத்தில் சிவப்பைக் காட்டினார். ஒரு தொழில்நுட்பக் கோளாறு, வண்டியை வெளியே அனுப்புவதை நிறுத்திவைத்திருந்தார்கள். அறை அமைதியானது, இவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். நிலைமையை இவ்வளவு தெளிவாகக் காட்டியதற்கு நன்றி, இவருக்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். அங்கேயே உதவிகள் வரத் தொடங்கின. அதற்குப் பின் வந்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின.

இந்தச் சம்பவத்தை வெறும் 'தலைவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்' என்ற கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அப்படிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். வாராவாரம் அதே கிழமை, அதே வடிவம், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற நிர்வாக ஒழுங்கு இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு வெளியே வரவே இடம் இருந்திருக்காது. கைதட்டல் இல்லாவிட்டால், அந்த ஒழுங்கு பச்சைப் பொய்களைச் சேகரிக்கும் இயந்திரமாக மட்டும் இருந்திருக்கும். கையோடு கடனும் வாங்கினார்கள். 2006 இறுதியில் நிறுவனத்தின் சொத்துகளை, அந்த நீல நிறச் சின்னம் உட்பட, அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் பாதுகாப்புக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை.

முடிவெடுத்து அறிவித்துவிட்டேன், ஆனால் ஒன்றும் நகரவில்லை. எங்கே தவறு?

முடிவு உங்கள் வாயிலிருந்து வந்திருக்கிறது, நாட்காட்டிக்கும் பட்ஜெட்டுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே போய்ச் சேராதவரை அது கிணற்றில் போட்ட கல்தான்.

இன்டெல் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். 1968-ல் தொடங்கிய காலத்திலிருந்து, கணினியில் தரவைச் சேமிக்கும் மெமரி சிப்தான் அவர்களுடைய அடையாளம். எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் அந்தத் தொழில் நஷ்டத்தில் ஓடியது. 1985-ல் ஒருநாள் ஆண்டி குரோவ், தன் மேலதிகாரி கோர்டன் மூரிடம், நம்மை வெளியே தள்ளிவிட்டு இயக்குநர் குழு புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். மெமரி தொழிலை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்று கேட்டார் குரோவ். தலைமை பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் இந்த உரையாடல் தெரியும்.

அதற்குப் பின் நடந்ததைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவ்வளவு தெளிவான முடிவுக்குப் பிறகும், விற்கப்போவதே இல்லை என்று தனக்கும் அந்தப் பிரிவு மேலாளருக்கும் தெரிந்த ஒரு மெமரி சிப்புக்கு ஆராய்ச்சி தொடரத் தானே சம்மதித்ததை குரோவ் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய நிர்வாகிக்கே, சொன்ன முடிவைச் செலவுக் கணக்கு வரைக்கும் கொண்டுபோவது கடினமாக இருந்திருக்கிறது. ஆலை மூடல், ஆட்களை வேறு வேலைக்கு மாற்றுவது, வாடிக்கையாளர்களிடம் சொல்வது என்று ஒவ்வொன்றாக முடிந்த பிறகுதான் அந்த முடிவு நிஜமானது.

ஆகவே ஒரு முடிவை அறிவித்த அன்றே நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும். பொறுப்பாளராக ஒரே ஒரு ஆள் (இரண்டு பேர் என்றால் யாருமில்லை என்று அர்த்தம்), முதல் அடிக்கான தேதி, எங்கிருந்து பணமும் நேரமும் வரும், இதற்காக எந்த வேலையை நிறுத்துகிறோம். கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். தலைக்கு மேல் வேலை இருக்கிற ஆட்களிடம் புதிய முன்னுரிமையைக் கொடுத்துவிட்டு, பழைய வேலை எதையும் நிறுத்தச் சொல்லாமல் போனால், எதை விடுவது என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் புதியதைத்தான் விடுவார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தால் தரம் குறைகிறது, கொடுக்காவிட்டால் என்னால் மூச்சுவிட முடியவில்லை. என்ன செய்வது?

கொடுக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாக வேலை இப்படித்தான் கைமாறும்: "அந்த டெலிவரி புகாரெல்லாம் கொஞ்சம் என்னன்னு பார்த்துக்கோங்க." இதை வாங்கிக்கொண்டவருக்கு எதுவரை பார்ப்பது, யாரிடம் பேசலாம், எப்போது முடிப்பது ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து நீங்கள் கேட்பீர்கள், அவர் புகார்களையெல்லாம் அழகாக ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுக் காட்டுவார், உங்களுக்குக் கோபம் வரும். அவர் மேல் தப்பில்லை.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டெலிவரி தாமதம் பற்றிய புகார் கூடிக்கொண்டே போகிறது. இப்படியே விட்டால் நம்முடைய இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யோசிப்பார்கள், அதனால்தான் இப்போதே கையில் எடுக்கிறோம். தாமதம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று கண்டுபிடித்து, 20-ம் தேதிக்குள் எனக்கு ஒரே பக்கத்தில் கொடுங்கள். கிடங்கில் இருப்பவர்களிடமும் லாரி ஒப்பந்ததாரரிடமும் நீங்களே நேரடியாகப் பேசலாம், நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒப்பந்ததாரரையே மாற்ற வேண்டும் என்கிற அளவுக்கு வந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள். 12-ம் தேதி, பாதி வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்போம்."

சொல்ல ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். ஏன் என்ற காரணமும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது, நடுவில் ஒரு பார்வையும் இருக்கிறது. அந்த 12-ம் தேதிக்கு முன்னால் போய் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் உங்களுக்கான சோதனை. பார்ப்பதற்கு ஒரு நாள் முன்கூட்டியே குறித்துவிட்டால், கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தானாகவே குறைகிறது.

எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பது ஆளைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆளையும் வேலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விற்பனையில் பத்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவரைத் தன்போக்கில் விடலாம், ஆனால் அவரையே முதல்முறையாக ஆள் எடுக்கும் வேலையில் உட்கார வைத்தால் அங்கே அவர் புதியவர்தான். அந்த வேலைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். "இவ்வளவு சீனியர், இவருக்கு நான் என்ன சொல்ல" என்று கூச்சப்பட்டு விட்டுவிடுவதும் கைகழுவுவதுதான்.

நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களுக்கு இன்று நான் மேனேஜர். எப்படி நடந்துகொள்வது?

முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள், குழுவாக அல்ல. "நம்ம பழக்கம் மாறப்போவதில்லை, ஆனால் விடுப்பு, வேலைப் பங்கீடு, மதிப்பீடு இதிலெல்லாம் இனி முடிவு என்னுடையது, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் சங்கடம் பல மாதத்துக்கு நீளும்.

அந்தப் பதவிக்கு உங்களோடு போட்டியிட்டுக் கிடைக்காமல் போனவர் அங்கே இருந்தால், அவரிடம்தான் முதலில் போக வேண்டும். ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். அவர் எதில் உங்களைவிடக் கெட்டிக்காரரோ அந்தப் பகுதியை முழுதாக அவர் கையில் கொடுங்கள், பேருக்குக் கொடுக்காமல் முடிவெடுக்கும் உரிமையோடு. அப்புறம் புதிய மேனேஜர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: தான் முன்பு நன்றாகச் செய்த வேலையையே தொடர்ந்து தானே செய்வது. அது சுகமாக இருக்கும், பாராட்டும் கிடைக்கும், ஆனால் உங்கள் இப்போதைய வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

குழுவில் ஒவ்வொருவரோடும் தனிச் சந்திப்பு வைக்கச் சொல்கிறார்கள், வைத்தால் பேச ஒன்றுமில்லை.

"எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுது" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "இந்த வாரம் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்த வேலை எது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த விலைப்பட்டியல் வேலைதான், மூன்று முறை திருத்த வேண்டியதாயிற்று" என்பார். "ஏன் மூன்று முறை?" "நீங்கள் ஒன்று சொன்னீர்கள், கணக்குப் பிரிவில் வேறு சொன்னார்கள்." இப்போது உங்கள் கையில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது, அதுவும் உங்களால் மட்டுமே தீர்க்கக்கூடியது.

அந்த அரை மணி நேரம் அவருடையது, உங்கள் ஸ்டேட்டஸ் கேட்கும் நேரம் அல்ல. ஸ்டேட்டஸை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். போன தடவை நீங்கள் செய்வதாகச் சொன்னதை முதலில் எடுத்து, செய்தேன் அல்லது இன்னும் முடியவில்லை என்று நீங்களே சொல்லித் தொடங்குங்கள். வேலை நெருக்கடி வரும்போது முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்புதான். அப்படித் தொடர்ந்து ரத்து செய்தால், நீங்கள் எனக்கு முக்கியமில்லை என்று வாய்திறக்காமல் சொல்வதாகிவிடும். தேதியை மாற்றலாம், எடுத்துவிடக் கூடாது.

டார்கெட் வைத்தால்தானே வேலை நடக்கும்? அளவிடுவதில் என்ன தவறு?

அளவிடுவதில் தவறில்லை, அளவிடாமல் நடத்துவது இருட்டில் நடப்பதுதான். ஆனால் இலக்கை எட்டும் வழி சரியா என்று கேட்க ஆளில்லாத இடத்தில் இலக்கு ஆபத்தானது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கிளை ஊழியர்களுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இத்தனை கணக்கு, அட்டை விற்க வேண்டும் என்று கடும் நெருக்கடி இருந்தது. இலக்கை எட்ட, வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள் என்றால் குறை அந்த ஆட்களிடம் மட்டும் இருக்க முடியாது. எண்ணைக் கேட்டவர்கள், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு இலக்குக்கும் எதிர்ப்பக்கம் ஒரு அளவையும் வையுங்கள். அழைப்பை விரைவாக முடிக்க வேண்டும் என்றால், அதே வாடிக்கையாளர் மறுபடி எத்தனை முறை அழைக்கிறார் என்பதையும் பாருங்கள். விற்பனை எண்ணிக்கை என்றால், திரும்பி வரும் பொருளையும் எண்ணுங்கள். அதோடு, இலக்கை விட்டுக்கொடுத்தாவது நேர்மையாக நடந்துகொண்ட ஒருவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். அது ஒரு தடவை நடந்தாலே, விதிமுறைப் புத்தகம் சொல்லாததை எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

தலைமைப் பண்பு பிறவியிலேயே வர வேண்டுமா?

கூட்டத்தில் எழுந்து நின்று கணீரென்று பேசும் குணம் சிலருக்கு இயல்பாக வருகிறது. அதைத் தலைமை என்று குழப்பிக்கொள்கிறோம். காரணத்தைச் சொல்வது, கெட்ட செய்தியைக் கேட்டுக்கொள்வது, சொன்னதைச் செய்வது எல்லாம் பழகக் கூடியவை. அமைதியான ஆட்களும் இவற்றை நன்றாகவே செய்கிறார்கள்.

தலைமை, நிர்வாகம் இரண்டில் எனக்கு ஒன்றுதான் நன்றாக வருகிறது. இன்னொருவரோடு பிரித்துக்கொண்டால் ஆகாதா?

ஆகும், ஜோடி நன்றாக அமைந்தால் அருமையாகவே ஆகும். சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு இயந்திரத்தின் மேல்தான் உயிர். 1948-ல் நிறுவனத்தைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே தக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். பணம், விற்பனை, அமைப்பு எல்லாம் ஃபுஜிசாவா பார்த்துக்கொண்டார், வடிவமைப்பும் உற்பத்தியும் ஹோண்டா. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை. 1973-ல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு எதில் கடைசி வார்த்தை என்பது இருவருக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஊழியர்கள் அம்மாவிடம் கிடைக்காததை அப்பாவிடம் கேட்கும் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். இன்னொன்று, பிரித்துக்கொள்வது நிறுவனத்தின் உச்சியில்தான் சாத்தியம். பத்துப் பேர் குழுவை நடத்துகிறவருக்கு அந்த வசதி கிடையாது, அவரே இரண்டையும் செய்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? நாள் முழுக்க தீயை அணைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இது உங்கள் தனிப்பட்ட குறை இல்லை. மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளைப் பக்கத்திலிருந்து கவனித்து 1973-ல் எழுதியதில், அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. துண்டு துண்டாக உடைவது இந்த வேலையின் இயல்பு. ஆகவே யாரும் குறுக்கிடாத நாள் வரும் என்று காத்திருந்தால் அது வரவே வராது.

இருக்கிற துண்டுகளைப் பயன்படுத்துங்கள். ஒரு அப்ரூவல் போடும்போது "சரி" என்று மட்டும் எழுதாமல், ஏன் சரி என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த முறை அதே மாதிரி விஷயத்துக்கு அவர் உங்களிடம் வர வேண்டியிருக்காது. ஐந்து நிமிடப் பேச்சில் "இதை எப்படி முடிவு செய்யலாம்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று முதலில் அவரைச் சொல்ல விடுங்கள். அப்புறம், வாரத்தில் ஒன்றரை மணி நேரமாவது நாட்காட்டியில் பூட்டி வைத்து, மூன்று மாதம் கழித்து எது நம்மைக் கடிக்கப்போகிறது என்று மட்டும் யோசியுங்கள். ஒரே தீ திரும்பத் திரும்பப் பற்றுகிறது என்றால், அணைக்கும் வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை, அது எங்கிருந்து பற்றுகிறது என்று தேட ஓர் ஆளை நியமியுங்கள்.

சரியாக வேலை செய்யாத ஒருவர் இருக்கிறார். நல்லவர், மனம் வரவில்லை.

மனம் வராமல் தள்ளிப்போடுவது இரக்கம் போலத் தெரியும், ஆனால் அவர் வேலையையும் சேர்த்துச் செய்கிற மற்றவர்களுக்கு அது அநியாயம். முதலில் பார்க்க வேண்டியது, என்ன எதிர்பார்க்கிறோம் என்று அவருக்கு எப்போதாவது தெளிவாகச் சொல்லப்பட்டதா, தேவையான கருவியும் பயிற்சியும் கிடைத்ததா என்பது. பல நேரம் சிக்கல் இங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், பொதுவாகப் பேசாமல் குறிப்பாகப் பேசுங்கள். "உங்களுக்கு அக்கறை இல்லை" என்று குணத்தைத் தொட்டால் சண்டைதான் வரும். "போன மாதம் நான்கு அறிக்கையில் மூன்று தாமதம், அதனால் கணக்குப் பிரிவு இரண்டு முறை ராத்திரி உட்கார வேண்டியதாயிற்று" என்று சொன்னால் பேச ஒரு பொருள் இருக்கிறது. ஆறு வாரமோ எட்டு வாரமோ கெடு வையுங்கள், எது நடந்தால் சரியானதாக அர்த்தம் என்று எழுதிக் கொடுங்கள், வாராவாரம் உட்கார்ந்து உண்மையாகவே உதவுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் வேறு வேலைக்கு மாற்றுவதோ பிரிவதோ, மரியாதையாகச் செய்ய வேண்டும். மீதமிருப்பவர்கள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு எப்படிச் செய்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு மேலே இருப்பவர் இதையெல்லாம் மதிப்பதில்லை. நான் மட்டும் மாறி என்ன பயன்?

உங்கள் குழுவின் எல்லைக்குள் நிறையவே செய்யலாம். மேலிருந்து காரணம் சொல்லாமல் ஓர் உத்தரவு வந்தால், அதை அப்படியே கீழே தள்ளிவிடாமல், மேலே போய் "இதை என் ஆட்களுக்கு விளக்க வேண்டும், எந்தச் சிக்கலைத் தீர்க்க இது வருகிறது?" என்று கேளுங்கள். எதிர்ப்பது மாதிரி இருக்காது, பதிலும் கிடைக்கும். எல்லாமே அவசரம் என்கிறவரிடம் முடியாது என்று சொல்வதற்குப் பதில், கையில் இருக்கும் வேலைகளின் பட்டியலைக் காட்டி, "இதை முதலில் எடுத்தால் இந்த இரண்டும் அடுத்த வாரத்துக்குப் போகும், பரவாயில்லையா?" என்று தேர்வை அவர் கையில் கொடுங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே இரண்டு வரியில் மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

அவர் தேர்ந்தெடுக்க மறுத்து, எல்லாமே வேண்டும் என்று நின்றால், எது முதலில் என்று நீங்களே வரிசைப்படுத்தி, "நாளை மதியத்துக்குள் மாற்றம் சொல்லாவிட்டால் இந்த வரிசையில் போகிறோம்" என்று எழுதி அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலும் மாற்றம் எதுவும் வராது.